வாரம் இருபது புழு

பட்டுப்புழு முட்டை ஒன்றின் எடை சுமார் அரை மில்லிகிராம். பொரிந்து வரும் புழு 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். 25 முதல் 28 நாளுக்குள் அது 7 சென்டிமீட்டர் வளர்ந்து 4, 5 கிராம் எடைக்கு வந்துவிடும். பிறந்த எடையைப்போல் ஏறக்குறைய 10,000 மடங்கு. பட்டுக்கூடு எடுக்கிற விவசாயிக்கு இந்த வேகம் வரம். ஓணானுக்குத் தீனியாக இதே புழுவை வீட்டில் வளர்ப்பவருக்குக் கணக்கு இடறுவது இந்த வேகத்தில்தான்.

அமெரிக்காவில் பியர்டட் டிராகன் என்று விற்கப்படும் ஆஸ்திரேலிய ஓணானை வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் புழு பழக்கமான தீனி. வளர்ந்த ஓணான் 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். அதற்குப் பெரும்பங்கு கீரையும் காயும் போதும். பூச்சி வாரத்துக்கு இரண்டு நாள் கொடுத்தால் போதும். நாளுக்கு 10 புழு, வாரத்துக்கு 20, ஒன்று சராசரி ஒன்றரை கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,040 புழு, மொத்தம் 1.56 கிலோ.

இதற்கு எத்தனை இலை வேண்டும்? இங்கே உடுமலை, கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயி கணக்கு கைகொடுக்கும். 100 முட்டைத் தொகுதி, அதாவது 40,000 முதல் 50,000 புழு, கூடு கட்டி முடிக்க ஏறக்குறைய ஒரு டன் மல்பெரி இலை தின்னும். புழுவுக்கு 20 கிராம் சொச்சம் வருகிறது. நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வரும்வரை ஒரு புழுவுக்கு மூன்றரை, நான்கு கிராம் இலைதான் செலவு. அப்போது அதன் எடை ஒரு கிராமை ஒட்டி இருக்கும். மிச்ச இலை முழுவதும் கடைசி ஏழெட்டு நாளில் தீர்ந்துவிடும். அந்த நாட்களில் இலையின் சத்தில் பெரும்பகுதி பட்டுச் சுரப்பிக்குப் போகிறது. நெசவுக்கு அது வேண்டும், ஓணானுக்கு வேண்டாம். ஒன்றரை கிராமிலேயே எடுத்துவிட்டால் புழுவுக்கு 6 கிராம் இலையில் கணக்கு முடிந்தது. 1,040 புழுவுக்கு 6.24 கிலோ, ஓர் ஆண்டுக்கே அவ்வளவுதான். தெருவோரத்து மரம் ஒன்றே தாராளம். அமெரிக்காவில் வெள்ளை மல்பெரி இப்படிக் கேட்பாரற்று முளைத்துக் கிடப்பதற்கும் பட்டுதான் காரணம். 1830-களில் மல்பெரி நாற்று விற்பதில் அங்கே ஒரு பித்தே பிடித்தது. 1839-ல் விலை சரிந்தது, பட்டு ஆசை போனது, மரம் தங்கிவிட்டது.

ஆக, இலை பிரச்சினையில்லை. பிரச்சினை நாள்.

200 முட்டை வாங்கி மொத்தமாகப் பொரிக்கவிட்டால், 150 புழு தேறியதாக வைப்போம். எல்லாம் இரண்டு மூன்று நாள் இடைவெளிக்குள் பொரிந்தவை, எல்லாம் சேர்ந்தே வளர்பவை. ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டாத இரையைத்தான் கொடுக்க வேண்டும் என்பது வளர்ப்பவர்களின் பொதுவிதி. அந்த அளவுக்குள்ளும், கொடுத்தால் பசியாறும் பருமனோடும் புழு இருப்பது 25 டிகிரி செல்சியஸில் சுமார் 10 நாள்தான். அந்தப் பத்து நாளில் ஓணான் 30 புழு தின்றிருக்கும். மீதி 120 புழுவும் உடல் மினுங்கி, தேன் நிறத்தில் ஒளி ஊடுருவத் தொடங்கி, தலையை ஆட்டியபடி பெட்டியின் மூலை தேடும். பழுத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் அது இலை தொடாது. நூல் விட ஆரம்பித்துவிடும். வீட்டு வளர்ப்பு நஷ்டமாகிற இடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு. நோயில் சாவதைவிடக் கூட்டுக்குள் போய்விடுகிற புழு அதிகம்.

எனவே முட்டையைக் குளிர்பெட்டியில் 5 டிகிரியில் வைத்து, வாரத்துக்கு 30 மட்டும் வெளியே எடுக்க வேண்டும். மூன்றில் இரண்டு தேறினாலும் 20 கிடைக்கும். வெளியே எடுத்த முட்டை 25 டிகிரியில் 10 முதல் 12 நாளில் பொரியும். பொரிவதற்கு முந்தின நாள் முட்டை நீலம் பாரிக்கும்; அது கண்ணில் பட்டதும் பெட்டியைத் தயார் செய்யலாம். குளிரில் முட்டை சில மாதம் தாங்கும், ஆனால் நாள் கூடக் கூடப் பொரிப்பு குறையும். இப்படிச் செய்தால் வீட்டில் எப்போதும் வயது வாரியாக நான்கு பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். சிறியதற்குப் பொடியாக நறுக்கிய இளந்தளிர், பெரியதற்கு முழு இலை. தலையைத் தூக்கி அசையாமல் நிற்கும் புழு தோலுரிக்கப் போகிறது. அதைத் தொடக்கூடாது, அதன்மேல் இலையும் போடக்கூடாது.

இனி பணம். விலை கடைக்குக் கடை மாறும். கீழே இருப்பவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

வாங்கினால்: 1,040 புழு, ஒன்று 50 சென்ட் வீதம் 520 டாலர். உயிர்ப்புழு தங்காது என்பதால் ஆண்டுக்கு 20 பார்சல், 10 டாலர் வீதம் 200. ஆக 720 டாலர்.

வளர்த்தால்: 1,560 முட்டை, 5 சென்ட் வீதம் 78 டாலர். 5 பார்சல் 50. குளிர்காலத் தீவனம் 50. பெட்டி, தூரிகை வகையறா 20. ஆக 198 டாலர்.

தீவனக் கணக்கை விளக்க வேண்டும். நியூ ஜெர்சிப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல்வரை மல்பெரி மொட்டையாக நிற்கும். அந்த 26 வாரத்துக்கு 520 புழு, 3.12 கிலோ தீனி. மல்பெரி இலைப்பொடி கலந்த தீவன மாவு ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் சேர்த்துக் காய்ச்சுவது வழக்கம். 780 கிராம் மாவு போதும். பூசணம் பிடித்துக் கழிப்பதையும் சேர்த்து 2 பவுண்டு, பவுண்டு 25 டாலர். இலையில் தொடங்கிய புழு நடுவில் தீவனத்துக்கு எளிதில் மாறாது. குளிர்காலப் பெட்டிகளைப் பொரித்த நாளிலிருந்தே தீவனத்தில் வளர்க்க வேண்டும்.

மிச்சம் 522 டாலர். நான்கு பெட்டிக்கும் நாளுக்குக் கால் மணி நேரம் என்றாலும் ஆண்டுக்கு 91 மணி. மணிக்கு 5.74 டாலர். அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து 7.25 டாலர். கூலி பார்த்தால் இது கட்டாது. இலை எந்த மரத்தில் பறித்தது, மருந்து தெளித்ததா என்று தெரிந்து கொடுப்பதற்காகச் செய்யலாம். தெளித்த இலை ஒரு கட்டு போதும், ஒரு பெட்டிப் புழுவும் சாக.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டுப்புழுவில் கால்சியம் மிகுதி என்று விற்பவர்கள் சொல்வதை எண்கள் ஆதரிக்கவில்லை. புழுவில் 83 சதவீதம் நீர், 9 சதவீதம் புரதம், கொழுப்பு ஒன்று, ஒன்றரை சதவீதம். 25 சதவீதம் கொழுப்புள்ள மெழுகுப்புழுவோடு ஒப்பிட்டால் இது மிக நல்ல தீனி. நீர் வற்றிய ஓணானுக்கு இன்னும் நல்லது. ஆனால் கிலோவுக்குக் கால்சியம் 177 மில்லிகிராம்தான், பாஸ்பரஸ் 2,370. ஓணானுக்கு வேண்டியதோ பாஸ்பரஸைப்போல் இரு மடங்கு கால்சியம். ஒருவேளைக்கு 10 புழு, 15 கிராம். அதில் பாஸ்பரஸ் 36 மில்லிகிராம், கால்சியம் 3-க்கும் குறைவு. குறையும் 68 மில்லிகிராமைக் கால்சியம் கார்பனேட்டில் ஈடுகட்ட 170 மில்லிகிராம் பொடி வேண்டும், ஒரு சிட்டிகை. அதைத் தூவாமல் மாதக்கணக்கில் கொடுத்தால் தாடை மென்மையாகி, கால் எலும்பு வளையும். செலவுப் பட்டியலில் சேர்க்கவும் தேவையில்லாத சில்லறைப் பொருள் அது; அதை விட்டுவிடத் துணியாதீர்கள்.

வளரும் குட்டிக்கு இந்தப் புழுவை மட்டும் நம்பக்கூடாது. 10 கிராம் சுவர்க்கோழி தரும் இரண்டு கிராம் புரதத்துக்கு 22 கிராம் புழு வேண்டும். அதில் 18 கிராம் நீர்.

அடுத்த ஆண்டு முட்டையை வீட்டிலேயே எடுக்கலாமே என்று தோன்றும். ஒரு தாய்ப்பூச்சி 400 முட்டை இடும். 1,560 முட்டைக்கு நான்கு பூச்சி போதும். கருவுற்ற முட்டை இரண்டு மூன்று நாளில் மஞ்சளிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறும், மாறாதது பொரியாது. முட்டைக்கும் பார்சலுக்கும் கொடுத்த 128 டாலர் மிச்சமானால் மணிக்கணக்கு 7.14-க்கு ஏறும். ஆனால் பெப்ரின் நோய் தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே இறங்கிவரும். 1860-களில் பிரான்சில் லூயி பாஸ்டர் முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து முட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் விதைமுட்டைக் கூடங்களில் அதுதான் நடக்கிறது. வீட்டில் அந்தச் சோதனைக்கு வழியில்லை. சொந்த முட்டை ஒரு தலைமுறைக்கு மேல் வேண்டாம். அடுத்த சுற்றுக்கு நோயற்றதென்று சோதித்த முட்டையை வாங்கிவிடுங்கள், 128 டாலர் போனாலும்.