பதவியைத் துறந்த மேயர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் நகராட்சியை நடத்துவது ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்திருந்தது. சட்டம் பயின்றோர் உள்ளாட்சிப் பணியில் சேர்ந்து, ஒரு நகரில் பெற்ற பட்டறிவைக் கொண்டு மற்றொரு நகரின் பொறுப்புக்கு உயர்ந்தனர். கார்ல் கெர்டலர் அவ்வழியில் வந்தவர். 1884இல் பிறந்த அவர், சோலிங்கன் நகர நிருவாகத்தில் பணியாற்றி, 1920இல் கோனிக்ஸ்பெர்க் நகரின் துணை மேயரானார். 1930இல் லைப்சிக் மாநகரின் மேயரானார். வரவறிந்து செலவிடும் சிக்கனத்தால் பெயர் பெற்ற அவரை, 1931இல் நடுவணரசு விலைக் கண்காணிப்பு ஆணையராகவும் அமர்த்தியது.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மேயர்கள் பலர் நீக்கப்பட்டபோதும் கெர்டலர் நீடித்தார். அடுத்த ஆண்டே விலை ஆணையர் பொறுப்பையும் மீண்டும் ஏற்றார். நேர்மையான அறிவுரையால் ஆட்சியைத் திருத்திவிடலாம் என்பது அவரது எண்ணம். இன்று நோக்குவோர்க்கு அது பேதைமையாகவே தோன்றும்.

லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் இசையரங்கின் முன் இசைமேதை மெண்டல்சனின் சிலை 1892 முதல் நின்றது. அவ்வரங்கின் இசைக்குழுவை நடத்தியவரும், 1843இல் அந்நகரில் இசைக்கல்லூரியை நிறுவியவரும் அவரே. ஆயினும் அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் சிலையை அகற்றுமாறு நாசிக் கட்சியினர் வற்புறுத்தினர். கெர்டலர் இசையவில்லை. 1936 நவம்பரில் அவர் வெளிநாடு சென்றிருந்த வேளையில், அக்கட்சியைச் சார்ந்த துணை மேயர் அதனை இரவோடிரவாக அகற்றச் செய்தார். திரும்பிவந்த கெர்டலர், சிலையை மீண்டும் நிறுவுமாறு கோரினார், பயனில்லை. தம் ஆணைக்கு மதிப்பில்லாத இருக்கையில் அமர்ந்திருக்க அவர் விரும்பவில்லை. 1937 மார்ச் இறுதியில் பதவியை விட்டு வெளியேறினார்.

குருப் நிறுவனம் அவருக்குப் பொறுப்பளிக்க முன்வந்தது. ஹிட்லர் உடன்படாமையால் அது கைகூடவில்லை. ஸ்டுட்கார்ட் நகரில் மின்கருவித் தொழிலகம் நடத்திய ராபர்ட் போஷ் அவரை ஆலோசகராக ஏற்றார். ஊதியத்தைவிடப் பெரிய உதவி ஒன்றும் அதனுள் அடங்கியிருந்தது. தொழில்முறைப் பயணம் என்னும் போர்வையில் பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்ற கெர்டலர், ஹிட்லர் போரை நோக்கி விரைவதை அங்குள்ள தலைவர்களிடம் எடுத்துரைத்தார். அவர்கள் அவ்வெச்சரிக்கையைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

போர் மூண்டபின் ஹிட்லருக்கு எதிரான மறைமுகக் குழுவில் அவர் முதன்மை பெற்றார். ஆட்சி மாறினால் தலைமை அமைச்சராக வேண்டியவர் அவரே எனக் குழுவினர் கருதினர். ஹிட்லரைக் கொல்வதினும் சிறைப்படுத்தி வழக்கு மன்றத்தில் நிறுத்துவதையே அச்சட்ட அறிஞர் விரும்பினார். எனினும் 1944 ஜூலை 20 அன்று குண்டு வெடித்தது, ஹிட்லர் உயிர்தப்பினார். ஆகஸ்டில் பிடிபட்ட கெர்டலருக்கு மக்கள் நீதிமன்றம் என்னும் பெயர் தாங்கிய மன்றம் மரண தண்டனை விதித்தது. 1945 பிப்ரவரி 2 அன்று பெர்லினில் அது நிறைவேற்றப்பட்டது.