நாள் தள்ளிப் போயிருக்கிறதா? முதல் 12 வாரங்களில் நீங்கள் செய்ய வேண்டியவை

காலையில் எழுந்து பரிசோதனை அட்டையைப் பார்க்கிறீர்கள். இரண்டு கோடுகள். முதலில் சந்தோஷம், அடுத்த நிமிஷமே பயம். யாரிடம் சொல்வது, எந்த டாக்டரைப் பார்ப்பது, என்ன சாப்பிடுவது, வேலைக்குப் போகலாமா என்று தலைக்குள் ஆயிரம் கேள்விகள்.

இதற்கு நடுவில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை: "மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே." கண் பட்டுவிடும் என்ற பயம், கரு நிலைக்க வேண்டுமே என்ற கவலை. அவர்களின் அக்கறை புரிகிறது. ஆனால் அந்த மூன்று மாதங்கள்தான் மருத்துவ ரீதியாக மிக முக்கியமான மாதங்கள்.

என் அக்காவும் முதல் முறை இப்படித்தான் இருந்தார். எங்களுக்குக்கூடச் சொல்லவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. ஒன்பதாவது வாரத்தில் ஒரு நாள் ராத்திரி ரத்தப்போக்கு. மருத்துவமனையில் வரிசையாகக் கேள்விகள்: மாதவிடாய் கடைசியாக எப்போது வந்தது? ரத்த வகை என்ன? ஸ்கேன் எடுத்தாச்சா? என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? எதற்குமே பதில் இல்லை. அந்தக் கரு தங்கவில்லை. முன்பே பதிவு செய்திருந்தால் தங்கியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ராத்திரி அவ்வளவு தடுமாறியிருக்க வேண்டாம். அதன் பிறகும், "ஸ்கூட்டியில போனதாலதான் இப்படி ஆச்சு" என்று பல மாதம் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். அது காரணமில்லை என்று எடுத்துச் சொல்ல விஷயம் தெரிந்த யாரும் பக்கத்தில் இல்லை.

அதனால் இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். ஊருக்குச் சொல்வதை வேண்டுமானால் தள்ளிப் போடுங்கள். சுகாதார செவிலியரிடம் சொல்வதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

எத்தனை வாரம்? கணக்கு இப்படித்தான்

கர்ப்பக் கணக்கு கரு உண்டான நாளில் தொடங்குவதில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளில் தொடங்குகிறது. அதிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். எனவே நாள் தள்ளிப் போனதை நீங்கள் கவனிக்கும்போதே கணக்குப்படி 4 வாரம் முடிந்திருக்கும். "இப்பத்தானே தெரிஞ்சுது, அதுக்குள்ள ஒரு மாசமா?" என்று பலரும் குழம்புவது இதனால்தான்.

கிராமங்களில் செவிலியர்கள் "கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்க?" என்று கேட்பதுண்டு. தலைக்குக் குளித்த நாள் ஒவ்வொரு வீட்டிலும் மாறும். ரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாள் எது என்று யோசித்துச் சொல்லுங்கள். அந்தத் தேதியோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் உத்தேசப் பிரசவத் தேதி வந்துவிடும். ஜனவரி 10 என்றால், அக்டோபர் 17. இன்றே உங்கள் போன் காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். இனி எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி அதுதான்.

வீட்டில் பரிசோதனை செய்வதாக இருந்தால், காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் செய்யுங்கள். கோடு மங்கலாக இருந்தால் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி செய்து பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையை இலவசமாகவே செய்துகொள்ளலாம்.

அவசரம் எதற்கு?

காரணம், ஒரு சின்ன மாத்திரை. பெயர் ஃபோலிக் அமிலம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கர்ப்பக் கணக்குப்படி சுமார் ஆறாவது வாரத்திலேயே மூடிவிடுகிறது. அது சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டில் பிறவிக் குறைபாடு வரலாம். அந்த வாய்ப்பைக் குறைப்பதுதான் ஃபோலிக் அமிலத்தின் வேலை. நாள் தள்ளிப் போனது தெரியும்போதே 4 வாரம் ஆகிவிடுகிறது என்றால், மீதி இருப்பது இரண்டே வாரம். மூன்று மாதம் காத்திருந்தால் அந்த வாய்ப்பு கடந்துபோயிருக்கும்.

வழக்கமான அளவு தினமும் 400 மைக்ரோகிராம். அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கிவிட்டால் இன்னும் நல்லது. "எனக்கு இப்போ எட்டாவது வாரம் ஆச்சே" என்று பதற வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. இன்றே தொடங்குங்கள். வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அளவு மாறலாம். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை பொதுவாக நான்காம் மாதத்திலிருந்துதான் தரப்படும். அதற்கு முன் நீங்களாகவே வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

போனிலேயே முன்பதிவு

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணியும் 'பிக்மி' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்தாலும் தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் இது பொருந்தும். 12 வாரத்துக்குள் பதிவு செய்வது நல்லது. வழிகள்:

1. பிக்மி இணையதளத்துக்குப் போய் நீங்களே முன்பதிவு செய்யலாம். முகவரியின் கடைசியில் தமிழ்நாடு அரசின் 'டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர், வயது, முகவரி, செல்போன் எண், கடைசி மாதவிடாய் தேதி ஆகியவை கையில் இருக்கட்டும்.
2. இணையம் சிரமமாக இருந்தால் 102 என்ற இலவச எண்ணுக்குப் பேசிப் பதிவு செய்யலாம்.
3. நேரில் போவதென்றால், உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர் அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரைப் பாருங்கள்.

முன்பதிவோடு வேலை முடிந்துவிடாது. செவிலியர் விவரங்களைச் சரிபார்த்த பிறகுதான் 12 இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கும். அந்த எண்ணை வாங்கும்வரை விடாதீர்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அது தேவை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாலும் அதே எண்தான். அங்குள்ள செவிலியரிடம் அதைச் சொன்னால் போதும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் இந்தப் பதிவுதான் அடிப்படை. ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்த, 19 வயது நிறைந்த தாய்மார்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி. இதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்து பெட்டகங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: "உங்க மகப்பேறு பணம் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யாராவது போன் செய்தால் உடனே வைத்துவிடுங்கள். எந்த அலுவலரும் போனில் ஓ.டி.பி. கேட்க மாட்டார். சந்தேகம் இருந்தால் உங்கள் செவிலியரிடம் நேரில் கேளுங்கள்.

முதல் பரிசோதனையில் என்னென்ன?

எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, சிறுநீர், எச்.ஐ.வி., மேகநோய், மஞ்சள் காமாலை பி ஆகிய பரிசோதனைகள் நடக்கும். இத்தனை எதற்கு என்று தோன்றலாம். இவற்றில் எந்தப் பிரச்சினை இருந்தாலும் ஆரம்பத்திலேயே தெரிந்தால் சிகிச்சை சுலபம். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதற்கென்று தனிக் கவனிப்பு உண்டு. டி.டி. தடுப்பூசியும் போடுவார்கள்.

ஸ்கேனைப் பொறுத்தவரை, 6 முதல் 8 வாரத்தில் கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, இதயத்துடிப்பு வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். 11 முதல் 13 வாரத்தில் இன்னொரு ஸ்கேன். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. வாங்கும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்து ஒரே ஆல்பத்தில் போட்டு வையுங்கள். ராத்திரி அவசரத்தில் ஃபைலைத் தேட வேண்டியிருக்காது. கணவர் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

மசக்கையும் மற்ற மாற்றங்களும்

நேற்று வரை பிடித்த சாம்பார் தாளிக்கிற வாசனை, இன்று உங்களை வாஷ்பேசினுக்கு ஓட வைக்கலாம். மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், நான்காம் மாதத்தில் அடங்கும். காலையில்தான் வரும் என்றில்லை, சாயங்காலமும் வரும். சிலருக்கு வரவே வராது. அதுவும் இயல்புதான்.

எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு ரஸ்க் அல்லது ஒரு கைப்பிடி பொரி சாப்பிட்டுவிட்டு மெதுவாக எழுந்திருங்கள். மூன்று வேளை வயிறு நிறைய என்பதை ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாக என்று மாற்றிக்கொள்ளுங்கள். கஞ்சி, மோர், எலுமிச்சை ஜூஸ் என எது நிற்கிறதோ அது. "ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்" என்று யாராவது தட்டை நிரப்பினால், இப்போதைக்கு அது தேவையில்லை என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

களைப்பு, மார்பில் வலி, அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் அழுகை இவையெல்லாம் சகஜம். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் பயமாக இருக்கிறதே என்று குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். மனசு ரொம்பக் கனமாக இருந்தால் 14416 டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நன்றாகப் பழுத்த பப்பாளி சாப்பிடுவதால் கரு கலையாது. காயாக இருப்பதைத் தவிர்த்தால் போதும். காய்ச்சாத பாலும், சரியாக வேகாத முட்டை, இறைச்சியும் வேண்டாம். தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். அதேபோல், ஏற்கெனவே தைராய்டு, பி.பி., வலிப்புக்குச் சாப்பிடும் மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. உடனே டாக்டரைப் பாருங்கள். வீட்டில் யாரும் உங்கள் பக்கத்தில் சிகரெட் பிடிக்க வேண்டாம்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

* ரத்தப்போக்கு. லேசான கறையாக இருந்தாலும் காட்டிவிடுங்கள்
* அடிவயிற்றில், குறிப்பாக ஒரே பக்கத்தில், கடுமையான வலி
* தோள்பட்டை வலி, மயக்கம். கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் இப்படி வரலாம். இது உயிருக்கே ஆபத்து
* தண்ணீர்கூட வயிற்றில் நிற்காத வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைவது
* அதிகக் காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல்

நேரம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். போகலாமா வேண்டாமா என்ற ஆலோசனைக்கு 104.

கரு தங்காவிட்டால்

இதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், அதனால் இங்கே சொல்லிவிடுகிறோம். உறுதியான கர்ப்பங்களில் நூற்றில் 10 முதல் 20 வரை தானாகவே கலைகின்றன. பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். முக்கியக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்படும் பிழை. வண்டியில் போனதோ, குடம் தூக்கியதோ, மாடிப்படி ஏறியதோ, மாமியாரோடு சண்டை போட்டதோ அதற்குக் காரணம் அல்ல. கண் பட்டதும் அல்ல. உங்கள் தவறு அல்ல. பெரும்பாலானவர்களுக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே அமைகிறது.

மகப்பேறு விடுப்புச் சட்டம் பொருந்தும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவராக இருந்தால், கரு கலைந்தாலும் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மருத்துவச் சான்று போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம்.

கணவருக்கு ஒரு வார்த்தை

முதல் பரிசோதனைக்கு நீங்களும் கூடப் போங்கள். மருந்து நேரத்துக்கு உங்கள் போனில் அலாரம் வையுங்கள். தாளிப்பு வாசனை ஒத்துக்கொள்ளாத வாரங்களில் சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். "இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

போனில் இன்றே சேமிக்க

102: கர்ப்பப் பதிவு
104: மருத்துவ ஆலோசனை
108: ஆம்புலன்ஸ்
14416: மனநல ஆலோசனை
உங்கள் பகுதி செவிலியரின் எண்

அக்கா இரண்டாவது முறை கருவுற்றபோது ஐந்தாவது வாரத்திலேயே செவிலியரிடம் போய்ச் சொல்லிவிட்டார். மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஆர்.சி.எச். எண் எல்லாம் அந்த மாதமே முடிந்தது. சொந்தக்காரர்களுக்கு நான்காம் மாதம்தான் சொன்னார். அம்மாவுக்கும் அதில் குறையில்லை. பாப்பாவுக்கு இப்போது ஒன்றரை வயது, வீட்டில் ஒரு பொருளை வைத்த இடத்தில் விடுவதில்லை.

உங்களுக்கும் நாள் தள்ளிப் போயிருக்கிறதா? நாளைக்குக் காலையில் செவிலியரைப் பாருங்கள். மற்றவர்களுக்கு எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம்.