பதினோரு மணிக்கு மணி அடித்த கடை

2000-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏதாவது ஒரு பப்பில் உட்கார்ந்திருந்தால், இரவு பத்தே முக்கால் வாக்கில் ஒரு மணி அடிக்கும். கடைசிக் கிளாஸ் வேண்டுமென்றவர்கள் கல்லாவுக்கு ஓட வேண்டும். பதினொன்றுக்கு மறுபடி மணி. “டைம், ஜென்டில்மென், ப்ளீஸ்” என்று கடைக்காரர் குரல் கொடுப்பார். கையில் இருப்பதைக் குடித்து முடிக்க 20 நிமிட அவகாசம். அதற்குள் கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்துவிடுவார்கள், நாற்காலிகள் மேஜைமேல் ஏறிவிடும். முதல் உலகப் போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலை ஆட்கள் போதையோடு வேலைக்கு வரக் கூடாது என்று போட்ட நேரக் கட்டுப்பாடு, போர் முடிந்து எண்பது ஆண்டுகள் ஆன பிறகும் ஏதோ ஒரு வடிவில் அந்த நாட்டுக் குடிகாரர்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்தக் குரலையே தலைப்பாக வைத்து அதே ஆண்டு ஸ்கை ஒன் சேனலில் ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது: ‘டைம் ஜென்டில்மென் ப்ளீஸ்’. ரிச்சர்ட் ஹெரிங்கும் அல் மர்ரேயும் எழுதியது. மர்ரேதான் கடைக்காரர். அவருக்குப் பெயர் கிடையாது, எல்லோருக்கும் அவர் ‘கவ்’. நம்மூர்க் கடைகளில் ‘மொதலாளி’ என்று கூப்பிடுகிற மாதிரி. இரண்டு சீசன், 37 பகுதிகள். 2002-ல் முடிந்துவிட்டது. பிரிட்டிஷ் சிட்காம் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதற்கு ஒரு பத்தி கூட ஒதுக்குவதில்லை. ஆனால் இது பிடித்துப்போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், வீட்டுக்குள் வளர்ந்த ஒரு தறுதலைத் தம்பியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள்.

கவ் எப்படிப்பட்ட ஆள்? மொட்டைத் தலை, பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த வாய். ஆம்பளைக்கு பியர், பொம்பளைக்கு ஒயின் அல்லது பழரசம். இதில் மாற்றமே கிடையாது. பிரெஞ்சுக்காரன் ஆகாது, ஜெர்மன்காரன் ஆகவே ஆகாது. உலகத்தில் எது நல்லதாக இருந்தாலும் அது பிரிட்டன் கொடுத்தது. வரலாற்றை அவர் சொல்லும்போது தேதிகூடச் சரியாக இருக்காது, ஆனால் குரலில் சந்தேகமே இருக்காது. இத்தனைக்கும் மனைவி விட்டுவிட்டுப் போன மனிதர். கடை மூடிய பிறகு அவருக்குப் போக ஓர் இடம் இல்லை.

இந்தப் பாத்திரம் பிறந்தது தொலைக்காட்சியில் அல்ல. 1994-ல் எடின்பரோ விழாவில் நகைச்சுவைக் கலைஞர் ஹாரி ஹில் நடத்திய மேடை நிகழ்ச்சிக்கு, அறிவிப்பாளர் வராததால் அவசரத்துக்கு மேடை ஏறிச் சமாளிக்கும் பார்க்காரர் என்று உருவாக்கப்பட்ட வேஷம். ஐந்தே ஆண்டில், 1999-ல், அதே வேஷத்தோடு மர்ரே அங்கே நகைச்சுவைக்கான பெரியர் விருதை வாங்கினார். வேஷத்தைக் கழற்றினால் வேறு ஆள்: ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்தவர், நாவலாசிரியர் தாக்கரேயின் வம்சம். படித்தவன் படிக்காதவனைக் கிண்டல் செய்கிறான் என்று ஒரு குற்றச்சாட்டு அன்றே இருந்தது. அது முழுக்கத் தப்பும் இல்லை.

தொடரின் கொச்சைத்தனத்தை மூடி மறைக்க வேண்டியதில்லை. கழிவறை, படுக்கையறை, வயிற்றுக்குள் நடக்கும் சமாசாரங்கள் என்று எதையும் விட்டுவைக்காத நகைச்சுவை. அந்தக் காலத்தின் காற்று அப்படி. 1994-ல் தொடங்கிய ‘லோடட்’ பத்திரிகை பியர், கால்பந்து, அரைகுறை ஆடைப் படங்கள் என்று ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தது. ‘மென் பிஹேவிங் பேட்லி’ தொடர் 1998 வரை ஓடி, சோபாவில் பியர் கேனோடு சரிந்து கிடப்பதை ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆக்கிவிட்டது. 2001-ல் பிபிசி ‘டூ பைன்ட்ஸ் ஆஃப் லாகர் அண்ட் எ பாக்கெட் ஆஃப் கிரிஸ்ப்ஸ்’ தொடரை இறக்கியது. ரன்கார்ன் ஊர் இளசுகள் பப்பில் உட்கார்ந்து பச்சையாகப் பேசுவதுதான் கதை. விமர்சகர்கள் கழுவி ஊற்றினார்கள். அது பத்து வருடம் ஓடியது.

கவ்வின் கடைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. திட்டுவதற்குக்கூட விமர்சகர்கள் அதிகம் மெனக்கெடவில்லை. ஸ்கை ஒன் என்பது மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கான சேனல். ‘சிம்ப்சன்ஸ்’ போன்ற அமெரிக்கத் தொடர்களுக்காகவே அதை வைத்திருந்தவர்கள் அநேகம். உள்நாட்டு சிட்காமுக்காக அந்தப் பக்கம் திரும்புகிற பழக்கம் யாருக்கும் இல்லை. இது போதாதென்று 2001 ஜூலையில் பிபிசி டூவில் ‘தி ஆஃபீஸ்’ வந்தது. பின்னணிச் சிரிப்பொலி கிடையாது, ஆவணப்படம் மாதிரி ஆடும் கேமரா, நெளிய வைக்கும் மௌனங்கள். அதற்குப் பிறகு சிரிப்பொலியோடு வரும் எந்தத் தொடரும் ஒரே இரவில் கிழடு தட்டியதாகத் தெரிய ஆரம்பித்தது. கவ் தன் இரண்டாவது சீசனோடு வந்தபோது ரசனை தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போயிருந்தது.

பிடித்தவர்களுக்கு ஏன் பிடித்தது? என் கணக்கில் முதல் காரணம் எண்ணிக்கை. பிரிட்டிஷ் சிட்காம் என்றால் சீசனுக்கு ஆறு பகுதி என்பது எழுதப்படாத சட்டம். உலகமே கொண்டாடும் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ மொத்தமே 12 பகுதிதான். இவர்களோ அமெரிக்கக் கணக்கில் முதல் சீசனுக்கே 22 பகுதி எழுதினார்கள். அத்தனை எழுதினால் தரம் மேலும் கீழும் போகும், போயிருக்கிறது. ஆனால் ஒரு பப்பைப் பற்றிய கதைக்கு அந்த நீளம் பொருந்திப்போனது. வாரா வாரம் அதே கல்லா, அதே முகங்கள், அதே சண்டை. ‘குவாட்ரஃபீனியா’ படத்தின் நாயகனாக 1979-ல் புகழ்பெற்ற பில் டேனியல்ஸ், இங்கே கல்லா ஓரத்தை விட்டு நகராத வாடிக்கைக்காரர் டெர்ரி. ‘அப்சல்யூட்லி ஃபேபுலஸ்’ தொடரில் அடக்கமான மகளாக வந்த ஜூலியா சவாலா, இங்கே பியர் ஊற்றுகிற பெண். பத்துப் பகுதி தாண்டியதும் கதை என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஆட்கள் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். ஒரு பப்புக்குத் தினமும் போகிறவனும் பியருக்காக மட்டும் போவதில்லையே.

இனி இன்றைக்கு வருவோம்.

2003-ல் புதிய மது உரிமச் சட்டம் வந்து, 2005 நவம்பர் 24 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. எத்தனை மணிவரை திறந்து வைக்கலாம் என்பதைக் கடைக்குக் கடை உள்ளாட்சி முடிவு செய்யலாம் என்றானது. பதினொன்றுக்கே மூடுகிற பப்கள் இன்றும் உண்டு, ஆனால் அது அவர்கள் இஷ்டம். 2007 ஜூலை 1-ல் இங்கிலாந்தில் உள்ளே புகைப்பது தடையானது. சாம்பல் கிண்ணங்கள் போயின. புகை கலைந்ததும் பழைய பியரும் ஈரக் கம்பளமும் என்ன நாற்றம் நாறும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு சமையலறை போட்டார்கள், சாப்பாட்டுத் தட்டு வந்தது, குழந்தை நாற்காலி வந்தது. கவ் இதையெல்லாம் பார்த்தால் மண்டையில் அடித்துக்கொள்வார்.

கடைகளே குறைந்துவிட்டன. 2000-ல் பிரிட்டனில் சுமார் 60,000 பப்கள் இருந்தன. இப்போது 45,000 சுற்றுவட்டாரம். சூப்பர்மார்க்கெட்டில் மலிவு விலையில் கேன் கிடைக்கிறது. வரியும் வாடகையும் மின்கட்டணமும் ஏறின. ‘என் கடை, என் சட்டம்’ என்று கவ் மார்தட்டுவார். நிஜத்தில் அப்படிச் சொல்ல முடிந்தவர்கள் 2000-லேயே குறைவு. பெரிய மதுவடிப்பு நிறுவனங்களின் பிடியைத் தளர்த்துவதற்காக 1989-ல் தாட்சர் அரசு ஓர் ஆணை போட்டது. அவர்கள் விற்றுத் தள்ளிய பப்களை வாங்கிக் குவித்தவை புதிதாக முளைத்த சொத்து நிறுவனங்கள். வாடகையும் அவர்களுக்கு, பியரும் அவர்கள் சொல்கிற விலைக்கு என்ற ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்ட குத்தகைக்காரர்கள்தான் அந்த மணியை அடித்தவர்களில் பலர். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தைத் திட்டிக்கொண்டிருந்த கடைக்காரருக்கு உண்மையில் நெருக்கடி கொடுத்தவர்கள் உள்ளூரிலேயே இருந்தார்கள். தொடர் இதைத் தொடவே இல்லை என்பது என் வருத்தங்களில் ஒன்று.

கொரோனா பரவியபோது, 2020 மார்ச் 20 அன்று, அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் எல்லா பப்களையும் மூடச் சொன்னார். ஹிட்லரின் குண்டுவீச்சில்கூடத் திறந்திருந்தோம் என்று பெருமை பேசிய நாடு அது. இங்கிலாந்தில் ஜூலை 4-ல்தான் மறுபடி திறந்தார்கள். திறக்காமலே போனவையும் உண்டு. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஸ்கை ஒன் சேனலே இழுத்து மூடப்பட்டது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம் நகைச்சுவையில் நடந்தது. 2000-ல் கவ் ஐரோப்பாவைத் திட்டினால், இப்படியும் ஒரு ஆளா என்று சிரித்தார்கள். கூடவே, ஆமாம், சரியாகத்தான் சொல்கிறார் என்று சிரித்தவர்களும் அரங்கில் இருந்தார்கள். இது புதிதல்ல. 1965-ல் தொடங்கிய ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ தொடரில் ஆல்ஃப் கார்னெட் என்ற வெறுப்பு வாயனாக நடித்த வாரன் மிட்செல், யூதர், இடதுசாரி. அவரிடமே வந்து, கறுப்பர்களுக்கு நன்றாகக் கொடுத்தீர்கள் என்று கைகுலுக்கினார்கள். பகடி செய்கிறவன் எதைச் சொன்னாலும், கேட்கிறவன் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொண்டு போவான்.

2015 பொதுத் தேர்தலில் சவுத் தானெட் தொகுதியில் நைஜல் ஃபராஜ் நின்றார், பப் வாசலில் பியர் கிளாஸோடு படம் எடுத்துக்கொள்வதையே தன் அடையாளமாக்கிக்கொண்ட அரசியல்வாதி. அவரை எதிர்த்து கவ் வேஷத்திலேயே மர்ரேயும் மனுத்தாக்கல் செய்தார். ஒரு பைன்ட் பியர் ஒரு பென்னிக்கு. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தைப் பிரிட்டிஷ் செங்கல் வைத்து அடைப்பேன், கொத்துவேலைக்கு மட்டும் போலந்துக்காரர்களைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்பவை அவருடைய வாக்குறுதிகள். ஃபராஜ் தோற்றார், கன்சர்வேடிவ் வேட்பாளர் ஜெயித்தார். மர்ரேக்குக் கிடைத்தவை 318 வாக்குகள். மறு ஆண்டு ஜூனில் நாடே ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வாக்களித்தது. அதற்குப் பிறகு பழைய பகுதிகளைப் போட்டுப் பார்த்தால், சிரிக்கிற இடங்களில் சிலவற்றில் சிரிப்பு வருவதில்லை. வசனம் மாறவில்லை, அதே வசனத்தைச் செய்தியில் கேட்டுவிட்டோம்.

கவ் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்திருக்கிறது. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், பர்மிங்காமுக்குப் பக்கத்திலுள்ள ஸ்மெத்திக் ஊருக்குப் போனார். அழைத்தவர் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜோல். அங்கே ப்ளூ கேட்ஸ் பப்பில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு எந்த அறையில் இடம் உண்டு, எதில் இல்லை என்பதை மால்கம் நேரில் பார்த்தார். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். பொது இடங்களில் நிறம் பார்த்து ஒதுக்குவது அதே ஆண்டு இயற்றிய சட்டத்தால் சட்டவிரோதமானது. இன்று அந்த வட்டாரத்தில், மூடப்போகிற நிலையிலிருந்த பப்களைப் பஞ்சாபிக் குடும்பங்கள் வாங்கி, பியரோடு தந்தூரி மிக்ஸ்டு கிரில் போட்டு நிமிர்த்திவிட்டன. ‘தேசி பப்’ என்பது இப்போது ஒரு தனி வகை. 2023-ல் டேவிட் ஜேசுதாசன் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பிரிட்டிஷ் பப் அழியக் கூடாது என்று நெஞ்சில் அடித்துக்கொண்ட கவ்வுக்கு, அதைக் காப்பாற்ற வந்தவர்கள் யார் என்று சொல்லியிருந்தால் ஒரு சீசனுக்கான கதை கிடைத்திருக்கும்.

எழுதிய இருவரும் நகர்ந்துவிட்டார்கள். ஹெரிங் பல ஆண்டுகளாக லண்டன் அரங்கில் பிரபலங்களை உட்கார வைத்துக் கோணல் கேள்வி கேட்கும் பாட்காஸ்ட் நடத்துகிறார். மர்ரே 2019 முதல் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஹாலந்துடன் சேர்ந்து இரண்டாம் உலகப் போர் பற்றி ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறார். கவ் உளறிக்கொட்டிய அதே போரைத்தான், இப்போது தேதியும் படைப்பிரிவும் பிசகாமல் பேசுகிறார்.

கொச்சை நகைச்சுவை செத்துவிடவும் இல்லை. 2011-ல் பிபிசிக்கு வந்த ‘மிசஸ் பிரவுன்ஸ் பாய்ஸ்’ அதே சிரிப்பொலி, அதே பச்சைப் பேச்சோடுதான் வந்தது. 2016-ல் ‘ரேடியோ டைம்ஸ்’ வாசகர்கள் அதை இந்த நூற்றாண்டின் சிறந்த சிட்காம் என்று தேர்ந்தெடுத்தார்கள், ‘தி ஆஃபீஸ்’ தொடரைத் தாண்டி. ஆக, கவ்வின் கடை தோற்றது கொச்சையால் அல்ல, தெரு முனையில் இல்லாமல் சந்தா சேனலில் இருந்ததால்.

பியர் ஊற்றும் பெண்களை வைத்து அடித்த ஜோக்குகளில் பாதி இன்று தேறாது; அவற்றுக்காக வக்காலத்து வாங்க மாட்டேன். பப்பின் அமைதியும் அலுப்பும் பார்க்க வேண்டுமென்றால் ‘எர்லி டோர்ஸ்’ தொடர் இருக்கிறது, 12 பகுதிகள், அது இதைவிடச் சிறந்த படைப்பு. ஆனால் 2000-ல் அந்த நாடு எதை விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தது, பிறகு எதை நிஜமாகச் சொல்ல ஆரம்பித்தது என்று தெரிய வேண்டுமென்றால் ‘டைம் ஜென்டில்மென் ப்ளீஸ்’ பாருங்கள். முதல் மூன்று நான்கு பகுதிகளில் முகம் சுளிப்பீர்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள்.