காய்ச்சலுக்குப் பின் முடங்கும் பிள்ளைகள்

கை கால்கள் விறைத்து, கழுத்து நிற்காத பிள்ளையைத் தோளில் சுமந்தபடி இயன்மருத்துவப் பிரிவுக்கு வரும் தாய்மாரை எமது வைத்தியசாலைகளில் அடிக்கடி காண்கிறோம். அப்பிள்ளைகளின் கிளினிக் கொப்பிகளில் 'பெருமூளை வாதம்' என எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலானோரைப் பொறுத்தவரை அது சரியான பெயரே. ஆயினும் ஒரு சிலரிடத்தில் பரம்பரை வழிவந்த அனுசேபக் கோளாறு ஒன்று அப்பெயருக்குப் பின்னால் மறைந்திருக்கக்கூடும். அது கண்டறியப்படாதவரை புனர்வாழ்வுச் சிகிச்சை ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதற்கு ஒப்பானதாகிவிடும்.

நாம் உண்ணும் புரதம் அமினோ அமிலங்களாகச் சிதைந்து, பல நொதியங்களின் உதவியுடன் படிப்படியாக மாற்றமடைகிறது. அவற்றுள் ஒன்று பிறப்பிலேயே குறைபடுமாயின் இடைநிலை அமிலங்கள் உடலில் தேங்குகின்றன. குருதியின் பீ.எச். பெறுமானமோ 7.35 இற்கும் 7.45 இற்கும் இடையிலேயே இருத்தல் வேண்டும். அமிலம் மிகும்போது அதனை ஈடுசெய்யும் பொருட்டுச் சுவாசம் வேகமெடுக்கும். இதனை நெஞ்சுச் சளி எனத் தவறாக எண்ணிவிடுவதும் உண்டு.

இவற்றுள் குளுட்டாரிக் அசிடூரியா முதலாம் வகை எனப்படும் நோய் தனித்துக் குறிப்பிடத்தக்கது. தலை சற்றுப் பெரிதாக இருப்பதைத் தவிர வேறு குறையின்றி வளரும் குழந்தைக்கு ஒரு சாதாரண காய்ச்சலோ வாந்தியோ ஏற்படுகிறது. உணவின்றி வாடும் உடல் தனது சொந்தப் புரதத்தையே உடைக்கத் தொடங்க, ஓரிரு நாட்களுக்குள் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி சேதமடைகிறது. அச்சேதம் மீளாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் தமக்குள்ளேயே மணமுடிக்கும் ஆமிஷ் சமூகத்தவரிடையே பெருமூளை வாதம் எனக் கருதப்பட்ட பிள்ளைகள் பலருக்கு இந்நோயே இருந்ததை வைத்தியர் ஹோம்ஸ் மோர்ட்டன் 1980களின் இறுதியில் கண்டறிந்தார். 1989இல் அவர் அங்கு சிறுவர்களுக்கான சிகிச்சை நிலையமொன்றை நிறுவினார். பிறந்தவுடன் பரிசோதித்து, லைசின் குறைந்த உணவும் கார்னிட்டினும் வழங்கி, காய்ச்சலின்போது தாமதமின்றிக் குளுக்கோஸ் ஏற்றியதால் அதன்பின் பிறந்த பிள்ளைகளிடையே முடக்கம் பெருமளவு குறைந்தது.

மச்சான், மச்சாள் முறையில் மணம் பேசும் வழக்கம் தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் உண்டு. பெற்றோர் இருவரும் ஒரே குறைபாட்டு மரபணுவைத் தாங்கியிருப்பின் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் ஏற்படும் வாய்ப்பு 25 சதவீதமாகும். நெருங்கிய உறவில் மணமுடித்தோரின் பிள்ளைகளிலும் மிகப் பெரும்பாலானோர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதையும் கூறியாக வேண்டும். அத்துடன் குறை இரு பக்கத்திலிருந்தும் வருவதால், மருமகளை மாத்திரம் பழிக்கும் எமது வழக்கத்துக்கு இங்கு இடமே இல்லை.

ஆகவே பிரசவத்தில் எவ்வித சிக்கலும் இல்லாத பிள்ளை, நோயொன்றின் பின் கற்ற அசைவுகளை இழந்திருந்தாலோ, உடன்பிறந்தோர் சிசுப்பருவத்தில் காரணமறியாது மரணித்திருந்தாலோ, இயன்மருத்துவர் அதனை வைத்தியரிடம் தெரிவித்தல் அவசியம். சிறுநீரின் சேதன அமிலங்களையும் குருதியின் அமில, கார நிலையையும் அமோனியா அளவையும் பரிசோதிப்பதன் மூலம் வழி புலப்படலாம். பயிற்சிக்காக இப்பிள்ளைகளை நெடுநேரம் வெறும் வயிற்றில் காத்திருக்க வைப்பதும் ஆபத்தானது.

வளைந்த கால்களுடனும் குன்றிய வளர்ச்சியுடனும் வரும் சில பிள்ளைகளின் கதை வேறு. சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றத் தவறுவதால் அவர்களது எலும்பு கரைகிறது. எத்தனை பயிற்சி அளித்தும் பயனில்லாதவிடத்து, பைகாபனேற்று அல்லது சிற்றேற்று மருந்தைத் தினமும் கொடுத்தால் அவர்கள் வளரத் தொடங்குவர். இது விலையுயர்ந்த மருந்துமன்று.

நோய் உறுதியானதும் அதன் பெயரையும், காய்ச்சல், வாந்தியின்போது உடனடியாகக் குளுக்கோஸ் சேலைன் ஏற்ற வேண்டும் என்பதையும் வைத்தியரிடம் எழுதிப் பெற்று, பெற்றோர் எந்நேரமும் கையில் வைத்திருத்தல் நன்று. நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் கடமையிலிருக்கும் வைத்தியர் இந்நோயை முன்னர் கண்டிராதவராகவும் இருக்கலாம்.