இழுப்பறை ஏன் சிக்கிக்கொள்கிறது?

உங்கள் வீட்டில் பழைய மர மேசை இருக்கிறதா? அதன் இழுப்பறையை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள். சிறிது தூரம் வரும். பிறகு கோணிக்கொண்டு நின்றுவிடும். இன்னும் பலமாக இழுத்தால்? அப்போதும் அசையாது. ஏன்?

மூலையில் இழுக்கும்போது இழுப்பறை சுழல முயல்கிறது. அதனால் ஒரு பக்கத்தின் முன்முனையும் எதிர்ப்பக்கத்தின் பின்முனையும் மேசையின் உட்சுவர்களில் அழுந்துகின்றன. 80 செ.மீ. அகலமுள்ள இழுப்பறையில் 30 செ.மீ. நீளம் உள்ளே இருப்பதாகக் கொள்வோம். நடுவிலிருந்து 40 செ.மீ. தள்ளி, மூலையில் இழுக்கிறீர்கள். திருப்புத்திறன் கணக்குப்படி ஒவ்வொரு முனையின் அழுத்தமும் இழுவிசையைப் போல் 40/30 மடங்கு. மரத்துக்கும் மரத்துக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.4 என்றால், இரு முனைகளின் உராய்வும் சேர்ந்து இழுவிசையைப் போல் 1.07 மடங்கு ஆகிறது. இழுப்பதைவிடத் தடுப்பது பெரிது! நீங்கள் விசையை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும். பீமசேனனே வந்தாலும் பலகை உடையுமே தவிர இழுப்பறை வராது. தச்சர்கள் ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பது உராய்வுக் குணகத்தைக் குறைக்கத்தான்.

ஆனால் சுத்தியலும் அரமும் போல்ட்டும் நிறைந்த பட்டறை இழுப்பறைக்கு மெழுகு போதாது. அங்கே வேண்டியது, கடைகளில் டிராயர் சேனல் என்று விற்கப்படும் எஃகுத் தண்டவாள ஜோடி. ஒன்றுக்குள் ஒன்று நகரும் தகடுகளுக்கிடையே சிறு எஃகுக் குண்டுகள் உருளுகின்றன. உருளும்போது உராய்வு மிகச் சொற்பம். ஆகவே மேற்சொன்ன பூட்டு விழுவதில்லை.

ஒரு சோதனை செய்யுங்கள். மேசைமேல் இரண்டு உருண்டைப் பென்சில்களை வைத்து, அவற்றின்மேல் ஒரு புத்தகத்தை வைத்து 10 செ.மீ. தள்ளுங்கள். பென்சில்கள் எவ்வளவு நகர்ந்தன? 5 செ.மீ.தான்! சேனலிலும் அப்படியே, தகடு நகரும் தூரத்தில் பாதிதான் குண்டுகள் நகரும்.

எந்தச் சேனலை வாங்குவது? முதலில் எடையைக் கணக்கிடுங்கள். 40 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழமுள்ள இழுப்பறையின் கொள்ளளவு 8000 க.செ.மீ. போல்ட்டுகளைக் கொட்டினால் பாதி இடம் காற்று என்றே வைத்துக்கொண்டாலும், 4000 க.செ.மீ. இரும்பு. அதன் அடர்த்தி 7.87, எடை 31 கிலோகிராமுக்கு மேல்! கைக்கு அடக்கமான பெட்டிதானே என்று மெல்லிய சேனலை வாங்கினால் அது வளைந்துவிடும். இரு தகட்டுச் சேனல் முக்கால் பங்கே வெளியே வரும். மூன்று தகட்டுச் சேனலில் இழுப்பறை முழுவதும் வெளியே வரும், பின்மூலையில் கிடக்கும் திருப்புளியையும் எடுக்கலாம். ஆனால் முழுதும் இழுத்த நிலையில் அது ஒரு நெம்புகோல். அலமாரியின் முன்விளிம்பு ஆதாரப்புள்ளி. அங்கே விழும் சுமை, இழுப்பறை எடையைப் போல் குறைந்தது இரு மடங்கு. சேனலின் பின்முனையோ மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. எனவே முன்னும் பின்னும் திருகாணிகள் உறுதியாக இருக்க வேண்டும்.

பொருத்துவதில்தான் பலரும் தவறுகிறார்கள். பக்கவாட்டில் பொருத்தும் சாதாரணச் சேனலின் தடிப்பு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஆகவே அலமாரியின் உள்ளகலத்தைவிட இழுப்பறை ஓர் அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். அதைவிட அகன்றால் இறுகும். மிகவும் ஒடுங்கினால் தகடுகள் விரிந்து குண்டுகள் சரியாக உருளா. இரு சேனல்களும் ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று இணையாக அமையவேண்டும். இதற்கு அளவுகோலை நம்பாதீர்கள். தேவையான உயரத்துக்கு ஒரு பலகைத்துண்டை வெட்டி, இருபுறமும் அதே துண்டின்மேல் சேனலை வைத்துக் குறியிடுங்கள். முதலில் நீண்ட துளைகளில் மட்டும் திருகாணி போட்டு இழுத்துப் பாருங்கள். சரியாக ஓடினால் பிறகு வட்டத் துளைகளில் போடலாம்.

குனிய வேண்டாமே என்று சிலர் கனமான சாமான்களை மேல் இழுப்பறையில் வைப்பார்கள். இரண்டு மூன்று இழுப்பறைகளை ஒரே சமயத்தில் திறந்தால் ஈர்ப்பு மையம் முன்கால்களைத் தாண்டிவிடும். அலமாரியே கவிழ்ந்து ஆள்மேல் விழும். கனமானவை அடியில் இருக்கட்டும். அலமாரியின் மேற்பகுதியைச் சுவரோடு திருகிவிடுங்கள்.