எழுத்து ஏன் சிறுத்தது?

சாத்தூர் என்றதும் நமக்கு முதலில் காராச்சேவு ஞாபகம் வரும். ரயிலில் போகிறவர்களுக்கு வெள்ளரிப் பிஞ்சு ஞாபகம் வரும். ஆனால் பழைய தலைமுறைக்காரர்களைக் கேட்டால், "பேனா நிப்பு!" என்பார்கள். பால்பாயிண்ட் பேனா வந்து அந்தத் தொழிலை அடித்துக்கொண்டு போகும் வரையில், எத்தனையோ பள்ளிப் பிள்ளைகள் சாத்தூர் நிப்பால்தான் பரீட்சை எழுதினார்கள். நிப்பு செய்கிறவருக்குக் கை நடுங்கினால் அன்றைய கூலி போச்சு!

அந்தத் தொழிலில் இருந்த பெரியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சென்னையில் இருக்கும் மகனுக்கு மாதம் தவறாமல் கடிதம் எழுதுவார். முத்து முத்தான எழுத்து. ஆனால் சில மாதங்களாக, வரியின் ஆரம்பத்தில் மிளகளவு இருக்கும் எழுத்து, கடைசியில் கடுகாகிவிடுகிறது. "அப்பா காகிதத்தை மிச்சம் பிடிக்கிறார் போலிருக்கிறது" என்று மகன் சிரித்தான். லீவில் ஊருக்கு வந்தபோதுதான் சிரிப்பு அடங்கியது. மடிமீது சும்மா கிடந்த வலது கை, மாத்திரை உருட்டுவதுபோல் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, "பார்க்கின்சன் வியாதி" என்றார்.

வீட்டில் ஒரே கலவரம். பெரியவரின் அண்ணனுக்கும் கடைசிக் காலத்தில் கை நடுக்கம் உண்டு. போதாக்குறைக்கு, மகன் வயிற்றுப் பேத்திக்கும் மகள் வயிற்றுப் பேரனுக்கும் கலியாணம் பேசி வைத்திருக்கிறார்கள். பெரியவரின் சம்சாரம் மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, இது ரத்தத்தோடு வருகிற நோவா? புள்ளைகளுக்கும் வந்துருமா?"

அந்த அம்மாள் கேட்ட கேள்வியைத்தான் உலகத்து விஞ்ஞானிகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கறுப்புத் திட்டு

1817-ல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நமது ஆயுர்வேதக்காரர்கள் இதையே கம்பவாதம் என்பார்கள். மூளையின் அடிப்பகுதியில் கறுப்பாக ஒரு சிறு திட்டு இருக்கிறது. அங்கே டோபமைன் என்ற ரசம் சுரக்கிறது. அது குறைந்தால் கை நடுங்கும், நடை குறுகும், முகம் சிலைபோலாகும், எழுத்தும் சிறுக்கும்.

அந்த ரசத்தை ஈடுகட்டும் மருந்து லெவோடோபா. அந்தப் பொருளை 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சிச் சாலையில், பூனைக்காலி விதையிலிருந்து தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்திருக்கிறார்கள்! அதற்காக யாரும் பூனைக்காலி விதையை இடித்துக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். அளவு தப்பினால் ஆபத்து.

சரி, அந்தத் திட்டு ஏன் தேய்கிறது? முதுமை ஒரு காரணம். சில பூச்சிமருந்துகளோடு நெடுநாள் புழங்குவது இன்னொன்று. மூன்றாவது, பெற்றோர் நமக்குத் தரும் ஜீன்கள்.

ஊருக்கு ஒரு ஜீன்

இத்தாலியில் காண்டுர்சி என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இந்த வியாதி. அமெரிக்காவில் குடியேறிய சந்ததியாரையும் அது விடவில்லை. 1997-ல் அந்தக் குடும்பத்தை ஆராய்ந்து, ஒரே ஒரு ஜீனில் இருந்த ஒரே ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். 'திருடன் அகப்பட்டான்' என்று உலகமே மகிழ்ந்தது. ஆனால் மற்ற ஊர் நோயாளிகளிடம் தேடினால், அந்தத் திருடனைக் காணோம்!

பிறகு 2004-ல் இன்னொரு ஜீன் அகப்பட்டது. ஸ்பெயின் தேசத்துப் பாஸ்க் மக்களிடமும் அது காணப்பட்டதால், அவர்கள் பாஷையில் நடுக்கத்தைக் குறிக்கும் 'டார்டாரா' என்ற சொல்லை வைத்து அதற்குப் பெயரிட்டார்கள். அந்த ஜீனில் உள்ள ஒரு பிழை, வட ஆப்பிரிக்க அராபிய, பெர்பர் நோயாளிகளில் மூவரில் ஒருவருக்கு இருக்கிறது. ஐரோப்பிய யூத நோயாளிகளிடமும் கணிசமாக இருக்கிறது. நம் நாட்டில் அது மிக மிக அபூர்வம். சீனர்களிடம் அதே ஜீனில் வேறொரு பிழை. 2023-ல் நைஜீரியா முதலிய இடங்களில் ஆராய்ந்தபோது, ஆப்பிரிக்க வம்சத்தாரிடம் இன்னொரு ஜீனில் ஒரு மாறுதல் தெரிந்தது. ஐரோப்பியரிடம் தேடியவர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

ஆக, ஒருவர் வீட்டுச் சாவி அடுத்தவர் வீட்டுப் பூட்டைத் திறப்பதில்லை. இவற்றில் பல பிழைகள் இருந்தாலும் வியாதி வந்தே தீரும் என்பதும் இல்லை.

நம் வீட்டுப் பூட்டு

பம்பாய்ப் பார்சிகளை வீடு வீடாகப் பார்த்து 1988-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். லட்சத்துக்கு 328 பேருக்கு இந்த வியாதி இருந்தது. பார்சிகளில் முதியோர் அதிகம் என்பதும் அதற்கு ஒரு காரணம். 2017-ல் தென்னாசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்ததில், 81 சமூகங்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகியவை என்று தெரிந்தது. தமக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்ததால், ஒரு பாட்டனாரின் பிழை பல வீடுகளில் ஒளிந்திருக்கலாம்.

சொந்தத்தில் பெண் கொடுக்கும் நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 1998-ல் ஜப்பானியர் 'பார்கின்' என்ற ஜீனைக் கண்டார்கள். தாய் வழி, தந்தை வழி இரண்டு பிரதியும் பழுதானால்தான் வியாதி. அப்போது 40 வயதுக்கு முன்பே நடுக்கம் வந்துவிடும். அத்தை மகனும் மாமன் மகளும் தம் ஜீன்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகப் பெற்றவர்கள். பழுதான பிரதி இருவரிடமும் இருந்தால், குழந்தையிடத்தில் அவை சந்திக்கலாம்.

அப்படியானால் சாத்தூர்க் கலியாணம்? பெரியவருக்கு வந்தது முதுமையில். அவரைப் போன்ற நூறு நோயாளிகளில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் உறவினரிடமும் இந்த வியாதி தெரிகிறது. பிள்ளைகளுக்கு அபாயம் மற்றவர்களைவிடச் சற்று அதிகம். பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. அவருடைய நடுக்கம் ஒன்றையே காரணமாக்கிக் கலியாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தில் இளவயதிலேயே யாருக்காவது நடுக்கம் வந்திருந்தால், அல்லது பிறவிக் கோளாறுகள் இருந்தால், பாக்கு வெற்றிலை மாற்றுமுன் பரம்பரை நோய் தெரிந்த டாக்டரிடம் இரு வீட்டாரும் மனம் விட்டுப் பேசவேண்டும். மூடி மறைப்பதுதான் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. இதுவரை நடந்த ஆராய்ச்சிகளில் பெரும் பகுதி ஐரோப்பிய ரத்தத்தில் நடந்தது. 2019-ல் அவர்களிடம் 90 அடையாளங்கள் கண்டார்கள். அவற்றை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, 'உமக்குப் பிழை இல்லை' என்று சொல்லும் ரிப்போர்ட்டு நமக்கு முழுச் சாட்சி ஆகாது. இந்திய ஜீன்களைப் படிக்கும் முயற்சி இப்போதுதான் வேகம் பிடித்திருக்கிறது. பத்தாயிரம் இந்தியரின் ஜீன் விவரங்கள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இந்தக் கணக்கில் கரிசல் காட்டு ரத்தமும் சேரவேண்டாமா? ஆராய்ச்சிக்கு என்று டாக்டர்கள் விவரமாகச் சொல்லிச் சம்மதம் கேட்டால், ஒரு ஸ்பூன் ரத்தம் கொடுக்கத் தயங்காதீர்கள். நம் பூட்டுக்குச் சாவி நம்மிடம்தான் கிடைக்கும்.

பெரியவர் என்ன ஆனார் என்கிறீர்களா? வேளை தவறாமல் மருந்து, காலையும் மாலையும் நடை. கூடவே டாக்டர் ஒரு யோசனை சொன்னார்: "கோடு போட்ட நோட்டில், கோட்டைத் தொடுகிற மாதிரி பெரிதாக எழுதுங்கள்." அடுத்த மாதம் சென்னைக்குப் போன கடிதத்தில், கடைசி வரியிலும் எழுத்து மிளகாகவே இருந்தது.