நிலநடுக்கத்துக்குப் பிறகு ஏன் போன் போவதில்லை?

முன்பு குடியிருந்த ஊரில் நிலநடுக்கம் என்று செய்தி வந்தால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். போனை எடுத்து அடிப்போம். லைன் கிடைக்காது. திரும்ப அடிப்போம். அதற்குள் மனசு எங்கெங்கோ போய்விடும். அந்த நேரத்தில் போன் ஏன் போவதில்லை, எதைப் பார்த்தால் கொஞ்சமாவது தெளிவு கிடைக்கும் என்பதுதான் இந்தக் குறிப்பு.

எனக்குத் தெரிந்த உதாரணம் ஜப்பானின் செண்டாய். ஆராய்ச்சிக்காக இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு 2010-ல் சென்னை திரும்பினேன். 2011 மார்ச் 11 அன்று, நம் நேரம் காலை 11:16-க்கு, அந்தக் கரைக்கு அப்பால் கடலடியில் 9.0 அளவில் நிலநடுக்கம். லேப் நண்பர்கள், ஹவுஸ் ஓனர் அம்மா என்று பத்துப் பதினைந்து பேர் அங்கே இருந்தார்கள்.

முதலில் அந்த 9.0. இது நிலநடுக்கம் மொத்தமாக வெளியிட்ட ஆற்றலின் அளவு. ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே எண்தான். நமக்கு வேண்டியவர் இருக்கிற தெரு எவ்வளவு ஆடியது என்பதை அது சொல்லாது. அதற்கு ஜப்பானில் ‘ஷிந்தோ’ என்று தனி அளவு இருக்கிறது. 0 முதல் 7 வரை; 5-ஐயும் 6-ஐயும் மேல், கீழ் என்று பிரித்திருப்பதால் மொத்தம் 10 படிகள். சில நிமிடங்களில் ஊர்வாரியாக வந்துவிடும். அன்று மியாகி மாநிலத்தின் குரிஹாராவில் 7, செண்டாயில் 6, டோக்கியோவில் 5. 6 என்றால் நிற்கவே கஷ்டம், பீரோ சாயும், பலவீனமான பழைய மரவீடுகள் விழலாம். ஆனால் நன்றாகக் கட்டிய வீடு பெரும்பாலும் தாங்கும்.

அடுத்தது கடல். அன்று இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோரைக் கொன்றது சுனாமி. டிவியில் செண்டாய் விமான நிலையம் தண்ணீரில் மூழ்குவதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பார்ப்பவர்களுக்கு ஊரே போய்விட்டது போல இருக்கும். அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும், விமான நிலையம் கடலோரத்தில், பல்கலைக்கழகம் மேற்கே குன்றின் மேல், ரயில் நிலையம் கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே. நடுவில் மேடாகப் போட்ட நெடுஞ்சாலை ஒன்று அலையைப் பல இடங்களில் தடுத்து நிறுத்தியது. அதனால் ஊர்ப் பெயரைக் கேட்டுப் பதறுவதை விட, மேப்பைத் திறந்து ஒவ்வொருவர் வீடும் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்ப்பது நல்லது.

இனி போன். லைன் போகாததற்கு இரண்டு காரணம். ஒன்று, மின்சாரம் போனதும் டவர்கள் பேட்டரியில் ஓடும். சில மணி நேரத்தில் அதுவும் தீர்ந்துவிடும். அன்றைய நிலநடுக்கத்தில் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 29,000 டவர்கள் நின்றுபோயின. இரண்டு, நிறுவனங்களே வேண்டுமென்று அழைப்புகளை நிறுத்துகின்றன. நாடு முழுக்க ஒரே நேரத்தில் அடித்தால் ஆம்புலன்ஸ், தீயணைப்பு அழைப்புகளுக்கு வழி இருக்காது. அதனால் சாதாரண அழைப்புகளில் 70 முதல் 95 சதவீதம் வரை தடுத்தார்கள். டேட்டாவுக்கு அதிகபட்சம் 30 சதவீதம்தான் தடை; சில நிறுவனங்கள் தடையே போடவில்லை. மெயிலும் மெசேஜும் தாமதமாகவாவது போய்ச் சேர்ந்தது இதனால்தான்.

ஆக, ‘ரீச் ஆகவில்லை’ என்பது டவரைப் பற்றிய செய்தி, ஆளைப் பற்றியது அல்ல. முதல் இரண்டு மூன்று நாள் பதில் வராததிலிருந்து நல்லதோ கெட்டதோ எதையும் முடிவு செய்ய முடியாது. எனக்கு லேப் நண்பர் ஒருவரிடமிருந்து மூன்றாம் நாள் ஒரு வரி மெயில் வந்தது. ஹவுஸ் ஓனர் அம்மா பக்கத்துப் பள்ளிக்கூட முகாமில் இருக்கிறார் என்று தெரிய பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் அவர் நன்றாகத்தான் இருந்திருக்கிறார்.

6,400-க்கும் மேற்பட்டோர் இறந்த 1995 கோபே நிலநடுக்கத்தில் போன் நெரிசல் பெரிய பாடமானது. அதிலிருந்து வந்ததுதான் 1998-ல் தொடங்கிய 171. அந்த எண்ணை அடித்து 1-ஐ அழுத்தினால் 30 விநாடி பேசிப் பதியலாம். 2-ஐ அழுத்தி, பாதிக்கப்பட்டவரின் போன் நம்பரைக் கொடுத்தால் அவர் பேசி வைத்ததைக் கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதன் இணைய வடிவம் ‘வெப் 171’. 2011-ல் கூகுளும் ‘பெர்சன் ஃபைண்டர்’ திறந்தது. 6 லட்சத்துக்கு மேல் பதிவுகள் சேர்ந்தன.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு பெயரோ நம்பரோ வேண்டும். யுரியாகே துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தை நடக்கும். அங்கே மீன் விற்ற ஒரு பாட்டி, எப்போது போனாலும் ஒன்று கூடுதலாகப் போட்டுக் கொடுப்பார். அந்தப் பகுதியில் எழுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பாட்டியின் பெயர் எனக்குத் தெரியாது. எந்தப் பட்டியலில் போய்த் தேடுவது? ஒரு ஊரை விட்டு வந்த பிறகு இப்படிச் சிலரைப் பற்றிய கவலை தீராமலேயே நின்றுவிடுகிறது.

தீர்க்கக்கூடியதற்கு மட்டும் சில யோசனைகள். கால் பண்ணாமல் மெசேஜ் அனுப்புங்கள். ‘பதில் வேண்டாம், முடியும்போது ஒரு எழுத்து போதும்’ என்று எழுதுங்கள். அவர்கள் பேட்டரி மிச்சமாகும். பாதிப்பில்லாத வேறு ஊரில் இருக்கும் பொது நண்பரிடம் கேளுங்கள். பத்துப் பேரும் தனித்தனியாக அடிக்காமல் ஒருவர் விசாரித்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, ஊரை விட்டுக் கிளம்பும்போதே இரண்டு பேருடைய வீட்டு நம்பரையும் முகவரியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் மீன் விற்கும் பாட்டியின் பெயரையும்.